49இலிருந்து 332ஏ வரை: ஒரு கடற்கரைச் சாலையின் எண்ணும் பொறுப்பும்



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சாலை. கோயில்களுக்குத் தலவரலாறு உண்டு, அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி உண்டு, ஆறுகளுக்குப் புராணம் உண்டு. நாள்தோறும் நம்மைச் சுமக்கிற சாலைக்கு மட்டும் வரலாறு எழுதும் வழக்கம் நம்மிடம் குறைவு. சென்னையிலிருந்து மாமல்லபுரம் வழியாகப் புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையை எல்லோரும் அறிவோம். அந்தச் சாலை மாநில நெடுஞ்சாலை 49 என்ற எண்ணோடு வளர்ந்தது. இன்று மாமல்லபுரத்துக்குத் தெற்கே அதன் எண் தேசிய நெடுஞ்சாலை 332ஏ. பலகையில் எண் மாறியதை வெறும் அலுவலகச் செய்தியாக எடுத்துக்கொண்டு நாம் கடந்துபோய்விட்டோம். அப்படிக் கடந்துபோகக் கூடாது என்பதே என் வாதம். ஒரு சாலையின் எண் மாறும்போது அதன் உரிமையாளர் மாறுகிறார், அதை ஆளும் சட்டம் மாறுகிறது, அது யாருக்காக இருக்கிறது என்ற முடிவும் மாறுகிறது. ஆகவே எண் மாற்றம் கரையோர ஊர்களுக்குத் தெரிந்து, அவர்கள் முன்னிலையில், பழைய கடமைகளை எழுதி ஒப்படைத்து நடக்கவேண்டிய ஒரு கைமாற்றம். இதைச் சான்றுகளோடு நிறுவ முயல்கிறேன்.

முதலில் இன்றைய நிலையைப் பார்த்துவிடுவோம். திருவான்மியூரில் புறப்பட்டு நீலாங்கரை, உத்தண்டி, முட்டுக்காடு, கோவளம், திருவிடந்தை, நெம்மேலி என்று மாமல்லபுரம் வரும்வரை சாலையின் எண் 49. அது மாநிலத்தின் பொறுப்பு. மாமல்லபுரம் தாண்டிக் கல்பாக்கம், கூவத்தூர், கடப்பாக்கம், மரக்காணம் வழியே புதுச்சேரி வரை 332ஏ. அது மத்திய அரசின் பொறுப்பு. புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம் என்று தெற்கே போனால் எண் 32. மக்கள் வாயில் இது முழுவதும் ஈசிஆர்தான். ஒரே கரையில், ஒரே காற்றில் ஓடும் சாலைக்கு ஆவணத்தில் மூன்று எண்கள். போதாக்குறைக்கு, 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தச் சாலைக்கு முத்தமிழறிஞர் கலைஞர் கருணாநிதி பெயர் சூட்டப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். பெயர் சூட்டும் செய்தி விழா மேடையில் அறிவிக்கப்பட்டு, எல்லா நாளிதழ்களிலும் வந்தது. எண் மாறிய செய்தி அரசிதழின் ஒரு வரியோடு முடிந்தது. ஊர் வாழ்க்கையை எது அதிகம் பாதித்தது என்று கேட்டால், அரசிதழ் வரிதான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கரையில் மனிதர் நடந்த வழிகளின் திசையை முதலில் கவனிக்க வேண்டும். இன்று நாம் வடக்கு தெற்காக ஓடுகிறோம். முன்னோர் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நடந்தார்கள். பெரும்பாணாற்றுப்படை காட்டும் வழி நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக் காஞ்சிக்குப் போகிறது. சிறுபாணாற்றுப்படை காட்டும் வழி எயிற்பட்டினத்தில் தொடங்கிக் கிடங்கில் நோக்கிப் போகிறது. எயிற்பட்டினத்தை மரக்காணம் பகுதியோடும் கிடங்கிலைத் திண்டிவனத்தோடும் அறிஞர்கள் பொருத்துவர். இரண்டும் கடலிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் வழிகள். பல்லவர் காலத்திலும் மாமல்லபுரத்துக்குப் பொருள் தந்தது காஞ்சிபுரம் இருந்த மேற்குத் திசைதான். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டியபோதும் அவர்கள் நாடியது உள்நாட்டில் நெய்த துணியை. இந்தப் பழைய திசையின் தடம் இன்றும் ஓர் எண்ணில் இருக்கிறது. சதுரங்கப்பட்டினத்தில் தொடங்கித் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், திருத்தணி என்று போகும் சாலை மாநில நெடுஞ்சாலை 58. கடற்கரையைத் தொண்டை மண்டலத்தின் நடுப்பகுதியோடு கட்டிப்போட்ட வழி அது. செங்கல்பட்டு நகரம் சந்திப்பாக வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வடக்கு தெற்குத் திசையில் கரையோரமாகச் சரக்கு போனது நிலத்தில் அல்ல, நீரில். கடலில் தோணியும் கப்பலும் போயின. பிறகு கால்வாய் வந்தது. 1806இல் சென்னைக்கு வடக்கே காக்ரேன் கால்வாயாகத் தொடங்கிய வேலை, வடக்கிலும் தெற்கிலும் நீண்டு, தெற்கே மரக்காணத்தில் முடிந்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பகுதி 1877–78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. 1878இல் அதற்குப் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் வைத்தார்கள். உப்பும் விறகும் நெல்லும் படகில் சென்னைக்குப் போன வழி இது. கோவளம், மாமல்லபுரம் பக்கத்தில் இன்று நாம் காணும் நில அமைப்பு இதுதான்: கிழக்கே கடல், அடுத்து மணல்மேடும் குப்பமும், அதை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலை, அதற்கு மேற்கே கால்வாய், கால்வாய்க்கும் மேற்கே பழைய மாமல்லபுரம் சாலை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கால்வாயில் சரக்குப் போக்குவரத்து நின்றது. தூர்ந்துபோன அந்தக் கால்வாய் 2008இல் தேசிய நீர்வழி 4 என்ற எண்ணுக்குள் சேர்க்கப்பட்டது. எண் கிடைத்தது, மரக்காணத்துக்கு உப்புப் படகு திரும்பவில்லை. எண் தானாக எதையும் செய்துவிடாது என்பதற்கு இதே கரையில் இதைவிட நெருக்கமான சான்று தேவையில்லை. எண்ணோடு சேர்ந்து வரும் பணமும் சட்டமும் நோக்கமுமே வேலை செய்கின்றன. நாம் ஆராய வேண்டியதும் அவற்றைத்தான்.

இனிச் சாலைக்கு வருவோம். கிழக்குக் கடற்கரைச் சாலை வெறும் நிலத்தில் ஒரே கோடாகப் போடப்பட்டதல்ல. மீனவக் குப்பங்களையும் கரையோர ஊர்களையும் இணைத்த சிறுசிறு சாலைகள் அங்கங்கே ஏற்கெனவே இருந்தன. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு, இடைவெளிகளை நிரப்பி, அகலப்படுத்தி, பாலங்கள் கட்டி, அவற்றை ஒரே சாலையாக்கினார்கள். கரையோர மரங்களும் மணல்மேடுகளும் அழியும் என்று சூழலியலாளர்கள் அப்போதே எதிர்த்தார்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியான 1991ஐ ஒட்டிய காலம் அது. எல்லாவற்றையும் கடந்து 1998இல் சென்னை–புதுச்சேரிச் சாலை திறக்கப்பட்டது. அதே 1998இல் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் உருவானது. சாலை அதன் கைக்குப் போய், மேம்படுத்தப்பட்டு, 2002இல் சுங்கக் கட்டண வசூல் தொடங்கியது. ஊராட்சிச் சாலைகளாகவும் மாவட்டச் சாலைகளாகவும் இருந்த துண்டுகள் முதலில் மாநில நெடுஞ்சாலையாகி, பிறகு கட்டணச் சாலையாயின. ஆகவே 332ஏ என்பது முதல் எண் மாற்றமல்ல. குப்பத்துச் சாலை 49 ஆனதே முதல் மாற்றம். 49 என்பது 332ஏ ஆனது இரண்டாவது. ஒவ்வொரு மாற்றத்திலும் சாலை நீண்டது, விரைந்தது, உயர்ந்தது; ஊரிடமிருந்து ஒரு படி விலகியும் போனது.

எண் எதைப் பார்த்து வைக்கப்படுகிறது என்பதற்குச் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ஒரு தெளிவான சான்று உண்டு. திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் போகும் பழைய மாமல்லபுரம் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வயதில் மூத்தது. பெயரிலேயே ‘பழைய’ இருக்கிறது. ஆனால் அதன் எண் 49ஏ. பிறகு வந்த கடற்கரைச் சாலை 49. முன்பே இருந்த சாலை அதன் கிளை. எண் வரிசையில் மூப்புக்கு இடமில்லை. எந்தச் சாலை எங்கே வரை நீள்கிறது, எந்தப் போக்குவரத்தை ஆட்சியாளர் முதன்மையாகக் கருதுகிறார் என்பதே அளவுகோல். அடுத்த கட்டத்தில் அதே அளவுகோல் கடற்கரைச் சாலையையும் தொட்டது.

2010இல் நாடு முழுவதும் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண் முறை வந்தது. வடக்கு தெற்காக ஓடும் முதன்மைச் சாலைகளுக்கு இரட்டைப்படை எண்கள். அவை கிழக்கிலிருந்து மேற்காகப் போகப்போகக் கூடும். கிழக்கு மேற்காக ஓடுபவற்றுக்கு ஒற்றைப்படை எண்கள். அவை வடக்கிலிருந்து தெற்காகக் கூடும். மூன்று இலக்க எண் வந்தால் அது கிளைச் சாலை. அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் தாய்ச் சாலையைக் காட்டும். மூன்று இலக்கத்துக்குப் பின் எழுத்து வந்தால் அது கிளையின் கிளை. இந்த விதியை வைத்து 332ஏ என்ற எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். தாய்ச் சாலை 32. அது சென்னையில் தொடங்கித் தாம்பரம், செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் வழியே புதுச்சேரிக்கு வந்து கரையோரமாகத் தெற்கே போகிறது. அதாவது நாம் ஜிஎஸ்டி சாலை என்றும் பழைய பழக்கத்தில் என்எச் 45 என்றும் சொல்கிற சாலையே திண்டிவனம் வரை இப்போது 32. திண்டிவனம்–விழுப்புரம் பகுதி 132 ஆகிவிட்டது. விழுப்புரத்துக்குத் தெற்கே திருச்சி செல்லும் சாலை 38. விழுப்புரம்–புதுச்சேரிச் சாலை 332. அதன் எழுத்துக் கிளையாக மாமல்லபுரம்–புதுச்சேரிச் சாலை 332ஏ. கடலோரத்தில் தனக்கென ஒரு வரலாறு கொண்ட சாலை, உள்நாட்டுச் சாலையொன்றின் கிளைக்குக் கிளையாகப் பதிவாகியிருக்கிறது. விதிப்படி இதில் தவறில்லை. ஆனால் விதி மேலிருந்து வரைபடத்தைப் பார்ப்பவருக்கானது. சாலையின் இரு முனைகளும் எதனோடு சேர்கின்றன என்பது மட்டுமே அதற்குத் தெரியும். இடையில் உள்ள சதுரங்கப்பட்டினமும் கூவத்தூரும் கடப்பாக்கமும் அந்தக் கணக்கில் இல்லை.

இப்போது முக்கியமான முதல் மறுப்புக்கு வருகிறேன். “எண் என்பது நிர்வாக வசதி. எண் மாறினால் என்ன, சாலை அதே சாலைதானே?” என்று அறிந்தவர்களே கேட்பதுண்டு. இதற்கு நாடே கண்ட ஒரு விடை இருக்கிறது. 2016 டிசம்பர் 15 அன்று, தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது: தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் இருக்கக் கூடாது. 2017 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தபோது தமிழ்நாட்டில் மட்டும் மூவாயிரத்துக்கும் அதிகமான கடைகள் மூடப்பட்டன. உடனே பல மாநில அரசுகள் என்ன செய்தன? கடைகளை நகர்த்துவதற்கு முன்பே சாலைகளின் வகையை மாற்றத் தொடங்கின. நேற்றுவரை நெடுஞ்சாலையாக இருந்தது இன்று நகரச் சாலை என்று அறிவிக்கப்பட்டது. தாரில் ஒரு கல் பெயரவில்லை. காகிதத்தில் வகை மாறியதும் அதே கடை சட்டத்துக்கு உட்பட்டதாகிவிட்டது. எண்ணும் வகையும் வெறும் அடையாளம் என்றால் இந்த ஓட்டம் தேவைப்பட்டிருக்காது. சாலையின் வகை என்பது அதன் இருபுறமும் வாழ்பவர்களின் உரிமைகளையும் தடைகளையும் தீர்மானிக்கிற ஒன்று என்பதை அரசுகளே அந்த ஆண்டு ஒப்புக்கொண்டன.

கடற்கரைச் சாலையில் இதன் விளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கலாம். சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் இருந்து தொடங்குவோம். மாநில நெடுஞ்சாலைக் கல்லின் தலைப்பகுதிக்குப் பச்சை வண்ணம், தேசிய நெடுஞ்சாலைக் கல்லுக்கு மஞ்சள் என்பது முறை. பச்சை மஞ்சளாகும்போது, அந்த இடத்தில் சாலை குண்டும் குழியுமானால் யாரிடம் மனு கொடுப்பது என்பது மாறிவிடுகிறது. சாலைக்காக நிலம் எடுத்தால், மாநிலச் சாலைக்குப் பொருந்துவது தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001; தேசிய சாலைக்குப் பொருந்துவது 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம். அறிவிக்கை வேறு, ஆட்சேபம் கேட்கும் அதிகாரி வேறு, முறையீட்டு வழி வேறு. வீட்டுக்கோ கடைக்கோ சாலையிலிருந்து வழி விட வேண்டுமானால் 2002ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலை நில, போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் குறுக்கே வருகிறது. கட்டணத்தை 2008ஆம் ஆண்டு விதிகள் தீர்மானிக்கின்றன. சுங்கச்சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவர் தன் சொந்தக் காருக்கு மாதச் சீட்டு வாங்கலாம். ஆனால் மீன் ஏற்றிப் போகும் ‘குட்டி யானை’ என்ற சிறு சரக்கு வண்டி வணிக வாகனம். அந்தச் சீட்டு அதற்குக் கிடையாது. சாவடி உள்ள மாவட்டத்தில் பதிவான வணிக வாகனத்துக்குப் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் கடப்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டம், அடுத்துள்ள மரக்காணம் விழுப்புரம் மாவட்டம். எல்லைக்கு அந்தப் பக்கம் சாவடி அமைந்தால் இந்தப் பக்கத்து மீன் வண்டிக்கு அந்தச் சலுகையும் இல்லை. ஒரே கடலில் பாடு பார்த்து, ஒரே சந்தைக்குப் போகிறவர்களுக்குள் மாவட்டக் கோடு விலையில் வித்தியாசம் செய்துவிடும். இவை எல்லாம் எண்ணோடு வந்த விதிகள்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். “தேசிய நெடுஞ்சாலை என்ற தகுதி இல்லாமல் இவ்வளவு பணம் எங்கிருந்து வரும்? இருவழிச் சாலையில் நெரிசலும் விபத்தும் பெருகிவிட்டன. நான்குவழியாக்க வேண்டாமா?” வேண்டும். 2025 ஆகஸ்டில் மரக்காணம்–புதுச்சேரி இடையே 46 கிலோமீட்டரை நான்குவழியாக்க 2,157 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மாமல்லபுரம்–முகையூர், முகையூர்–மரக்காணம் பகுதிகள் அதே விரிவாக்கத்தின் வடபகுதிகள். இவ்வளவு முதலீடு மாநிலக் கருவூலத்திலிருந்து மட்டும் வருவது கடினம் என்பதை மறுக்க முடியாது. சாலை தந்த நன்மைகளையும் மறுக்க முடியாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு மீட்பு வண்டிகள் கரைக்கு வந்தது இந்தச் சாலையில்தான். கல்பாக்கத்தில் 1984 முதல் அணுமின் நிலையம் இயங்குகிறது; அவசர காலத்தில் மக்களை வெளியேற்றவும் நல்ல சாலை வேண்டும். பிடித்த மீன் கெடுமுன் சந்தைக்குப் போவதும், பிரசவ வலி கண்ட பெண் நேரத்தோடு செங்கல்பட்டு மருத்துவமனைக்குப் போவதும் சாலையால்தான் நடக்கின்றன. சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான்குவழி என்றால் யாருக்கு நான்குவழி என்று கேட்கிறேன்.

இந்தக் கரையில் குடியிருப்பின் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரி. குப்பம் சாலைக்குக் கிழக்கே, கடலை ஒட்டி இருக்கிறது. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, சுகாதார நிலையம், வயல், செங்கல்பட்டுக்கோ மதுராந்தகத்துக்கோ போகும் பேருந்து எல்லாம் சாலைக்கு மேற்கே. ஆக, கரையோர மக்களின் அன்றாடப் பயணம் சாலையின் நெடுக்கில் நடப்பதல்ல. சாலையின் குறுக்கே நடப்பது. சங்க காலத்திலிருந்து சொன்னேனே, கடலிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் அந்தக் கிழக்கு மேற்குத் திசை, அது இன்றும் உயிரோடு இருக்கிறது. மீன் கூடையோடு சாலையைக் கடக்கும் பெண்ணும், புத்தகப் பையோடு கடக்கும் பிள்ளையும் அந்தத் திசையின் வாரிசுகள். 332ஏ என்ற எண்ணின் கணக்கு வடக்கு தெற்கு மட்டுமே. சாலை இருவழியாக இருந்தபோது ஓடிக் கடந்தவர்கள், நடுவில் தடுப்பும் இருபுறமும் வேகமுமாக நான்குவழியானபின் எப்படிக் கடப்பார்கள்? சுரங்கப்பாதை எங்கே, இணைப்புச் சாலை எங்கே, பேருந்து நிறுத்தம் எந்தப் பக்கம் என்ற கேள்விகளை, எண் மாறிய நாளிலேயே, ஊரிடம் கேட்டிருக்க வேண்டும். திட்ட அறிக்கை முடிந்தபின் கேட்டால் அது மனுவாகிவிடும். முன்பே கேட்டால் அது வடிவமைப்பாகும். சாலையைக் கடக்கும் உரிமையைச் செலவுக் கணக்கில் கடைசி வரியாக வைத்துவிட்டு, பிறகு விபத்துக்கு நடந்து போனவரைக் குற்றம் சொல்வது நியாயமாகாது.

மூன்றாவதாக, “சாலைக்கு வரலாறு எதற்கு? அது ஏக்கம்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே வரலாறு என்பது நீர் போன வழியின் கணக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலை கடலோரமாக ஓடும் ஒரு நீண்ட கரை. முட்டுக்காட்டுக் கழிமுகம், கல்பாக்கத்தை ஒட்டிய உப்பங்கழி, வாயலூர் அருகே பாலாறு, மரக்காணத்து உப்பளங்கள், கழுவேலி நீர்ப்பரப்பு எல்லாம் இந்தச் சாலையின் அடியிலோ பக்கத்திலோ இருக்கின்றன. கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேற்கே பெய்யும் மழை கடலுக்குப் போக வேண்டுமானால் இந்தச் சாலையைத் தாண்டித்தான் போக வேண்டும். பழைய சிறுசாலைகளை இணைத்தபோது ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறுபாலமோ குழாய்ப்பாலமோ விடப்பட்டது. எங்கே நீர் தேங்கும், எங்கே வாய்க்கால் திசை மாறும் என்பது அந்தந்த ஊருக்குத் தெரியும். சாலையின் பொறுப்பு கைமாறும்போது இந்த அறிவும் கைமாறுகிறதா என்பதே கேள்வி. நிலத்தின் நிர்வாகமும் இடையில் பலமுறை மாறிவிட்டது. பழைய செங்கல்பட்டு மாவட்டம் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமாகி, 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்து, 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானது. கோப்புகள் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு மூட்டையாகப் போகும்போது சிறுபாலத்தின் கதையைத் தேடி எடுப்பவர் யார்? சாலையின் வரலாறு எழுதப்பட்டிருந்தால், புதிய பொறியாளர் தன் மேசையில் விரித்துவைத்து, எந்த இடத்தில் பாலத்தின் திறப்பு குறையக் கூடாது என்று தெரிந்துகொள்வார். எழுதப்படாவிட்டால் அடுத்த ஐப்பசி மழை அவருக்குச் சொல்லும். அதற்கு விலை கொடுப்பது ஊர்.

நம் மரபில் சாலையும் எண்ணும் இப்படிப் பிரிந்திருக்கவில்லை. தர்மபுரிப் பக்கத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்கள் நமக்கு ஒரு முறையைக் காட்டுகின்றன. கல்லில் வழியின் பெயர் இருக்கிறது, சேரும் ஊர் இருக்கிறது, எத்தனை காதம் என்ற எண் இருக்கிறது. எழுத்தறியாதவரும் தூரத்தை அறிய, பெரிய குழிகளாலும் சிறிய குழிகளாலும் அதே எண்ணைக் குடைந்து காட்டியிருக்கிறார்கள். அந்த எண் வழிப்போக்கருக்கானது. கல் நிற்கும் இடத்தில் நிற்பவருக்குப் புரிவது. அமெரிக்காவிலும் ஒரு பாடம் உண்டு. சிகாகோவிலிருந்து கலிபோர்னியா வரை ஓடிய 66ஆம் எண் நெடுஞ்சாலை, புதிய பெருஞ்சாலைகள் வந்தபின் 1985இல் எண் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. சாலையை நம்பிய பல சிற்றூர்கள் நலிந்தன. பிறகு அந்த ஊர்க்காரர்கள் முயன்று, வரலாற்றுச் சாலை 66 என்ற பலகையைப் பழைய வழி நெடுக மீண்டும் நிறுத்தச் செய்தார்கள். எண் போனபின் மீட்டார்கள் அவர்கள். நமக்கு எண் மாறி வேலை நடந்துகொண்டிருக்கும்போதே செய்ய வாய்ப்பிருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள்கள் எளியவை, நடக்கக்கூடியவை. சாலையின் எண்ணோ வகையோ மாறும்போது அந்தச் செய்தி அரசிதழோடு நிற்காமல், சாலை கடக்கும் ஒவ்வொரு ஊராட்சியின் கிராமசபையிலும் தமிழில் படிக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது, அதில் ஒரு தீர்மானமாக இது இடம்பெறுவது கடினமில்லை. பொறுப்பைக் கைமாற்றும்போது சிறுபாலங்கள், குறுக்குப் பாதைகள், பேருந்து நிறுத்தங்கள், சாலையோர மரங்கள் ஆகியவற்றின் பட்டியல் ஊர்க்காரர் கையொப்பத்தோடு ஒப்படைக்கப்பட வேண்டும். புதிய உரிமையாளர் அவற்றைக் குறைக்காமல் காக்கும் கடமையை ஏற்க வேண்டும். கிலோமீட்டர் கல்லில் புதிய எண்ணுக்குக் கீழே பழைய எண்ணும், அருகிலுள்ள ஊர்ப்பெயரும் இருக்க வேண்டும். மீன் வண்டிக்கான கட்டணச் சலுகை மாவட்ட எல்லையைப் பாராமல் தூரத்தைப் பார்த்து வழங்கப்பட வேண்டும். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. கரையோர மக்களையும் சாலையின் பங்குதாரராக மதிக்கும் மனம் தேவை.

மாணவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். திருப்போரூர், திருக்கழுக்குன்றம், செய்யூர் வட்டங்களில் இந்தச் சாலை கடக்கும் ஊர்களின் பெரியவர்கள், சாலை வருமுன் இருந்த வழிகளை இன்னும் அறிவார்கள். ஒவ்வொரு கல்லூரியும் பத்துக் கிலோமீட்டரை எடுத்துக்கொண்டு, பழைய வழி, பழைய பாலம், நீர்ப்போக்கு ஆகியவற்றைப் பதிவுசெய்தால், சில ஆண்டுகளில் மாமல்லபுரத்திலிருந்து மரக்காணம் வரை ஒரு முழுச் சாலை வரலாறு நம் கையில் இருக்கும். அதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் நெடுஞ்சாலைத் துறையிலும் ஒப்படையுங்கள். விரிவாக்க வேலை முடிவதற்குள் இதைச் செய்தால்தான் பயன். இந்த ஆண்டே தொடங்குங்கள்.